மைதான ஓரத்தில் நான் சொன்ன சுலோகம்

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினார்கள். அம்மாவின் தம்பி மட்டும் மனிதர்களோடு. ஊரில் தமிழ்நாட்டு ரக்பி அணியில் ஆடிய மாமா, நியூஜெர்சிக்கு வந்தும் அதை விடவில்லை. வாரநாட்களில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் ஆபீஸ், சனிக்கிழமை அதே ஊர் கிளப்புக்காகச் சேற்றில் புரளல். ஒருமுறை காது கிழிந்து தையலோடு வந்தபோது, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று அம்மா திருஷ்டி கழித்தாள்.

அந்த அக்டோபரில் நியூஜெர்சி மாநில அணிக்கு ஆள் எடுக்க, கிளப் ஆட்டம் பார்க்க வந்தார்கள். மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது. இதை விட்டால் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. "செலக்ட் ஆகலன்னா விட்டுடறேன்க்கா. நீ பாக்கற பொண்ணையே கட்டிக்கறேன்" என்றார். அம்மா நம்பவில்லை, ஒன்பது வயதான என்னை உளவு பார்க்க அனுப்பினாள். நான் போன அரை மணியில் கட்சி மாறிவிட்டேன். அவர் பந்தோடு ஓடுவதைப் பார்த்தால் யாரும் மாறுவார்கள்.

இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் முழங்கால் அவர் நெற்றியில் இடித்தது. கிளப்பின் பிசியோ அம்மாள் அவரைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்தாள். தலையில் அடிபட்டவரிடம் நாலு கேள்வி கேட்பார்கள். ஒன்றில் தவறினாலும் ஆட்டம் முடிந்தது. இது மாமாவுக்கு அத்துப்படி. என்னைக் கைகாட்டி அழைத்தார்.

"பாப்பா, அவங்க கேக்கறதுக்கெல்லாம் நீ தமிழ்ல பதில் சொல்லு."

பிசியோ என்னவென்று கேட்டாள். "ப்ரேயர் சொல்லச் சொல்றார்" என்று ஆங்கிலத்தில் புளுகினேன். பாவம், அவள் தலையைக் குனிந்து மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு கேட்டாள்: எந்த மைதானம், எந்தப் பாதி, கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன வாரம் யாரோடு ஆடினீர்கள்? ஒவ்வொன்றுக்கும் நான் கண்ணை மூடி, சுலோக வகுப்பு ராகத்தில், "இது பிஸ்கட்டவே, ரெண்டாவது பாதி" என்று இழுத்தேன். போன வார ஆட்டத்தைத்தான் அவர் வாரம் முழுக்க வீட்டில் அளந்துகொண்டிருந்தாரே. அவர் ஆங்கிலத்தில் ஒப்பித்தார். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண் நான். அன்று என் தமிழுக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அவரை உள்ளே விட்டார்கள். பத்து நிமிடத்தில், சாதாரணமான ஒரு இடிதான், விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

பிழைத்தார். வேலை போனது, விசாவும் போனது. இப்போது கோயம்புத்தூரில் ஜன்னல்களைச் சாத்திய அறையில் இருக்கிறார், வெளிச்சம் ஆகாது. வீடியோ காலில் என் பெயரை அம்மா எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அம்மா இன்றுவரை அந்தப் பிசியோவைத்தான் சபிக்கிறாள். நான் வாயைத் திறந்ததில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

அன்று எனக்கு அது பரீட்சை விளையாட்டாகத்தான் பட்டது. பள்ளியில் எனக்கும் விடை தெரியும். இருந்தாலும் பக்கத்துப் பெண்ணின் தாளை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். மாமாவும் அப்படிச் சரிபார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன். தினமும் வேலைக்குப் போகிற ஊரின் பெயர் அவருக்கு அப்போது நிஜமாகவே தெரியவில்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.