பெயர் கிடைக்காத ஈ

தக்கலைத் தபாலாபீசில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, மிஷன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒரு சுருட்டுப் பெட்டியோடு வந்தார். நெடிய, கூன் விழுந்த மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். பூச்சி இனங்களை ஆராயும் சீமைப் பண்டிதர் ஒருவருக்குப் பெட்டியை அனுப்ப வேண்டும் என்றார்.

"உள்ள என்ன சார்?"

"ஒரு ஈ. பார்த்தா தேனீ மாதிரி இருக்கும், ஆனா கொட்டாது. சிறகு ரெண்டுதான். பூவுக்கு மேல அந்தரத்தில அப்படியே நிக்கும். இதுக்கு இன்னும் யாரும் பேரு வைக்கல்லன்னு நினைக்கேன். முத்திரையை மெதுவா குத்தணும், கேட்டியா?"

தபால் வண்டி புறப்படும் அவசரத்தில், வழக்கம்போல ஓங்கித்தான் குத்தினேன்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தது. என் முன்னாலேயே பிரித்து வாசித்தார். ஈ தூள்தூளாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிஞ்சிய ஒரு சிறகின் நரம்புகளைப் பார்த்தால் புது இனம்போலத் தெரிகிறது, ஆனால் முழு ஈ இன்னொன்று வந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று பண்டிதர் எழுதியிருந்தார்.

"நான்தான் சார் ஓங்கிக் குத்திட்டேன்" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்தார். "அதைப் பிடிச்ச குளக்கரையில இனியும் ஒண்ணு இருக்கும், மக்கா."

மூன்று வருஷம் வெயிலில் அந்தக் கரையில் குனிந்து தேடினார். அகப்படவேயில்லை. பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்.

ஒரு நாளும் அவர் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த மூன்று வருஷமும் தபாலாபீசுக்கு வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமலே ஸ்டாம்பு வாங்கிப் போனார். என்னை மன்னித்துவிட்டாரா, பார்க்கவே பிடிக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.