தாலாட்டு டீச்சரின் புல்வெளி

அந்த அறிவியல் ஆசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் 'தாலாட்டு டீச்சர்'. குரல் வாகு அப்படி. மதிய வகுப்பில் அவர் "புல்வெளிச் சூழல்" என்று தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சு கண்ணயர்ந்துவிடும். கால்நடை மேய்ச்சலைப் பற்றி நடத்திய அன்று, முதல் பெஞ்சிலேயே ஒருத்தி குறட்டை விட்டாள். ஆசிரியைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும், வீட்டு முன்பக்கத்திலேயே தையல்கடை வைத்திருக்கும் கணவரிடம் பச்சைத் துணித்துண்டுகள் கேட்டார்.

"எதுக்கு?"

"புல்லு பண்ணணும்."

பல வருடக் குடித்தனம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

வகுப்பில் ஆடப்போகும் ஆட்டத்துக்கு, துண்டுகளைக் கூடத்தில் பரப்பி ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் மாடுகள் மேயலாம். தரையில் மிஞ்சுகிற புல் அடுத்த சுற்றில் இரட்டிப்பாகும். துடைத்து மேய்ந்தால் எதுவும் முளைக்காது. கணவர் ஒரு மாடு, மாமியார் ஒரு மாடு. விசில் ஊதியதுமே மாமியார் மொத்தப் புல்லையும் வாரி மடியில் கட்டிக்கொண்டார்.

"அத்தை, கொஞ்சம் விட்டு வைக்கணும்!"

"மாடு என்னிக்கும்மா விட்டு வச்சிருக்கு?"

கணவர் தரையில் நாலு காலில் நின்று, "அம்மா, எனக்கு ஒரு வாயாவது குடும்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர், வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் வகுப்பில் பெஞ்சுகளை ஓரங்கட்டி ஆட்டம் தொடங்கியது. முதல் சுற்றிலேயே தரை பொட்டலாகிவிட்டது. மாடுகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டன. அடுத்த ஆட்டத்தில் பயந்துபோய் எந்த மாடும் வாய் வைக்கவில்லை. ஆசிரியை புல்லின்மேல் பழுப்புக் காகிதத்தைப் போர்த்தினார்.

"மேயாம விட்ட புல்லு முத்திக் காஞ்சு மூடிக்கிச்சு. அடியில வெயில் படல, புதுசா முளைக்காது. எல்லாரும் அவுட்."

"தின்னாலும் தப்பு, தின்னாட்டியும் தப்பா? அநியாயமா இருக்கே டீச்சர்!"

அன்று குறட்டை விட்டவள்தான் யோசித்தாள். "தரையை நாலாப் பிரிப்போம். ஒரு பக்கம் மேய்வோம், மத்ததுக்கு ஓய்வு குடுப்போம். மாறி மாறிப் போவோம்."

சாக்பீஸால் கோடு போட்டார்கள். சுற்றுக்குச் சுற்று புல் பெருகியது. மந்தை சந்தோஷத்தில் ஒரே குரலாக "அம்மா" என்று கத்தியது. தலைமை ஆசிரியர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"இது வகுப்பா, மாட்டுச்சந்தையா?"

ஆசிரியை வாய் திறப்பதற்குள் மாணவர்கள் அலறினார்கள்: "சார், ஓய்வுல இருக்கற நிலத்துல நிக்கிறீங்க!"

அவர் சுடுமணலை மிதித்தவர்போலத் துள்ளி விலகினார். பிறகு, "சரி, என்னதான் விளையாட்டு இது?" என்றார். விதிகளைக் கேட்டார். கேட்டவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு மந்தையில் சேர்ந்தார். விசில் ஊதியதுதான் தாமதம், கோட்டையும் தாண்டி இரண்டு கையாலும் அள்ளினார். இவருக்கு அத்தையே தேவலை என்று ஆசிரியை நினைத்துக்கொண்டார்.

"சார், எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க!"

"பசின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் அவர், புல்லைப் பையில் திணித்தபடியே.

குறட்டைக்காரி இடுப்பில் கைவைத்து, ஏன் விட்டு வைக்க வேண்டும் என்று முதலிலிருந்து விளக்கினாள். தலைமை ஆசிரியர் பொறுமையாகத் தலையாட்டினார். ஆசிரியை வாயே திறக்கவில்லை. பாடம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

மணி அடித்தது. யாரும் நகரவில்லை.

"இன்னும் ஒரே ஒரு சுற்று, டீச்சர்" என்று ஒரு குரல் கெஞ்சியது. தலைமை ஆசிரியருடைய குரல்.

ஆசிரியை விசிலை எடுத்து வாயில் வைத்தார்.