கழுத்துச் சாவி

முடிச்சுக்கு நீச்சல் தெரியாது. நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தீவில் பிறந்து, அங்கிருக்கும் கடற்படைத் தளத்திலேயே தலை நரைக்க வேலை பார்த்த மனிதர், வாளித் தண்ணீரைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார் என்று அவர் மனைவியே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அவர் போட்ட முடிச்சு அவிழாது. ஒரு புயலில் படகுத்துறையே பெயர்ந்து மிதந்து போனதாம். அவர் கட்டி வைத்திருந்த படகுதான் அந்தத் துறையை இழுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் விட்டதாம். நம்புகிறவர்கள் நம்பலாம். பெயர் வந்தது அப்படித்தான்.

தளம் ஆரம்பத்தில் வெறும் கரிக்கிடங்கு. கடல் கடந்து வந்து ஆண்டவர்கள், தங்கள் நீராவிக் கப்பல்கள் பாதி வழியில் பசித்து நின்றுவிடக் கூடாதென்று இங்கே கரியைக் கொட்டினார்கள். கரியைக் காக்கப் பீரங்கி வந்தது. பீரங்கியைக் காக்கச் சிப்பாய் வந்தான். சிப்பாய்க்குச் சோறு போட ஊரே வந்தது. பிறகு ஒரு போர், குண்டுவீச்சு. ஆண்டவர்கள் மூட்டை கட்டினார்கள். கம்பத்தில் கொடி மாறியது. இப்போது கரி இருந்த இடத்தில் சாம்பல் நிற ரோந்துக் கப்பல்கள் நிற்கின்றன. எல்லையைப் பார்த்துக்கொள்வதும், நடுக்கடலில் மாட்டிக்கொண்டவர்களை இழுத்து வருவதும் அவற்றின் பாடு.

கரிக் காலத்து வழக்கம் ஒன்று மட்டும் மாறவில்லை. அந்நாளில் மூழ்காளர் ஒருவர் கப்பலுக்கு அடியில் இருப்பது தெரியாமல் யாரோ எஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். அதிலிருந்து, ஆள் இறங்குமுன் எஞ்சினைக் கிளப்பும் பெட்டியைப் பூட்டி, சாவியை மேலே கயிறு பிடிப்பவர் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். ஆள் ஏறிய பிறகுதான் சாவி இறங்கும். கேட்பவர் எவ்வளவு பெரிய தொப்பி போட்டிருந்தாலும் சரி.

கயிறு பிடிப்பவர் முடிச்சு. இறங்குகிறவர் அவருடைய மனைவியின் அண்ணன். தலையை நீட்டி நாலு பக்கமும் பார்த்துவிட்டு மறுபடி அமிழ்ந்து போவதால் அவருக்கு ஆமை என்று பெயர். மச்சான்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு கட்டில். தளத்தில் தச்சராக இருந்த முடிச்சின் மாமனார், உடைத்த பழைய கப்பலின் தேக்கில் அதைச் செய்துவிட்டுக் கண்ணை மூடினார். யாருக்கு என்று சொல்லவில்லை. ஆறு மாதம் சண்டையைக் கேட்டுக் காது புளித்த மகள், ரம்பத்தை எடுத்து அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்துப் போட்டாள். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு பாதி, செங்கல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. இரண்டு பேருமே ஒருக்களித்துத்தான் தூங்குகிறார்கள்.

"நாளைக்குக் காலையில சீக்கிரம் வரணும்னு உங்கண்ணன்கிட்ட சொல்லு."

"அண்ணன் இதோ வாசல்லதான் நிக்கிறாரு. நீங்களே சொல்லுங்க."

"நிக்கிறவருக்குக் காது இருந்தா கேட்டிருக்கும்."

கரையில் இப்படி. தண்ணீருக்குள் போனால் கயிறுதான் பேச்சு. ஒரு இழுப்பு, நலமா. பதிலுக்கு ஒன்று, நலம். நாலு இழுப்பு, உடனே மேலே வா. கொஞ்ச நாளாகவே முடிச்சு குறும்பாக, காரணமில்லாமல் நாலு இழுத்து ஆமையை மேலே வரவழைப்பார். வந்ததும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூன்று தடவை ஏமாந்தபின் ஆமை ஏமாறுவதை விட்டுவிட்டார்.

அன்று காற்று தெற்கிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. ஆமை ரோந்துக் கப்பலுக்கு அடியில், அதை உந்தும் பெரிய விசிறியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கப்பலின் கேப்டன் படிகளில் ஓடி இறங்கி, துறையில் கயிற்றோடு நின்ற முடிச்சிடம் வந்தார்.

"சாவியக் குடுங்க."

"ஆள் கீழ இருக்காரு சார்."

"மேல கூப்பிடுங்க. பயணிப் படகு ஒண்ணு எஞ்சின் நின்னு பாறைத்திட்டுப் பக்கம் அடிச்சிட்டுப் போகுது. படகு நிறைய ஜனம். கிட்டத்துல வேற கப்பல் இல்ல."

முடிச்சு நாலு முறை இழுத்தார். கீழிருந்து நிதானமாக ஒரு இழுப்பு வந்தது.

"என்ன சொல்றாரு?"

"சௌக்கியமா இருக்கேன்றாரு."

"சௌக்கியத்த யாருய்யா கேட்டா? வரச் சொல்லுங்க!"

மறுபடி நாலு. மறுபடி ஒன்று. இந்த முறை ஆமை அதை வெடுக்கென்று இழுத்தார்.

"அப்படியே பலமா இழுத்துத் தூக்கிடுங்க."

"கயிறு விசிறியச் சுத்திக்கிட்டுப் போயிருக்கு சார். இழுத்தா அறுந்துடும். அப்புறம் அவரு எங்க இருக்காருன்னே தெரியாது."

கேப்டனின் இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸில் யாரோ ஒரு பெண் கத்துவது கேட்டது. பின்னால் குழந்தைகளின் அழுகை. எஞ்சின் மேஸ்திரி கப்பல் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார். "பூட்ட அறுக்கறது ஒரு நிமிஷ வேலை சார். நீங்க 'ம்'னு சொல்லுங்க."

கேப்டன் 'ம்' என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் கண்கள் கயிற்றுக்கும் கடலுக்குமாகப் போய் வந்தன. முடிச்சுக்கு உள்ளங்கை வியர்த்துக் கயிறு வழுக்கியது. ரம்பச் சத்தம் கேட்குமோ என்று அவர் முதுகே காதாகிவிட்டது.

"சார், நான் இழுத்தா அவரு வரமாட்டாரு."

"ஏன்?"

"கட்டில் தகராறு சார்."

"என்னது?"

"பொய்யா இழுத்து இழுத்துப் பழக்கிட்டேன். இப்ப நெசமா கூப்பிட்டாலும் நம்பமாட்டேங்குறாரு." சொல்லும்போதே அவருக்கு ஒன்று உறைத்தது. ஆமைக்குத் தன் கை தெரியும். இத்தனை வருடமாக இருட்டுத் தண்ணீரில் அந்தக் கை ஒன்றைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். இறக்கிய கையே ஏற்ற வேண்டும் என்பது தொழிலின் விதி. கயிறு ஒருநாளும் கை மாறியதில்லை.

"நீங்க இழுங்க சார்."

"நானா?"

"நாலு தடவ. புடிங்க!"

கேப்டன் இழுத்தார், அணிவகுப்புக்குத் தாளம் போடுவது போல. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

பதில் வரவில்லை. கயிறு தொய்ந்தது.

கடலை எட்டிப் பார்க்கவே அஞ்சும் முடிச்சு, துறை விளிம்பில் மண்டியிட்டுப் பாதி உடம்பைத் தண்ணீருக்கு மேல் நீட்டினார். சாவி கழுத்திலிருந்து ஊசலாடியது. பச்சைத் தண்ணீரில் குமிழி ஒன்று, இன்னொன்று, பிறகு கொத்தாக.

ஆமையின் தலை வெளியே வந்தது. முகமூடியைப் பிய்த்து எறிந்தார். கயிற்றோடு நிற்கும் கேப்டனைத்தான் முதலில் பார்த்தார்.

"மச்சான் எங்க? என்னாச்சு மச்சானுக்கு?"

"ஏறுடா மொதல்ல!" என்று கத்தினார் முடிச்சு.

ஆமை படியைப் பிடித்து ஏறினார். கேப்டன் சாவிக்குக் கையை நீட்டினார். ஆமையின் ஒரு கால் கல்லில், இன்னொன்று தண்ணீரில்.

"இன்னொரு காலும் சார்," என்றார் முடிச்சு.

அதுவும் ஏறிய பிறகுதான் சாவி கழுத்தைவிட்டு இறங்கியது. கேப்டன் அதைப் பறித்துக்கொண்டு ஓடினார். எஞ்சின் உறுமியது, துறையின் கற்கள் அதிர, கப்பல் பக்கவாட்டில் நழுவிக் கடல் வழியைப் பிடித்தது.

மச்சான்கள் ஈரப் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்தார்கள்.

"உயிரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கிட்டு, கயித்த ஏன்டா அடுத்தவன்கிட்ட குடுத்த? நெஞ்சு நின்னுபோச்சு எனக்கு."

"நாலு இழுத்தா வரணும்."

"தெனமும் நாலு இழுக்குற மூஞ்சிய நம்பி வரணுமா?"

"வந்தியே."

"உன்ன நம்பி வரல. உனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு வந்தேன். என் தங்கச்சிக்கு யாரு பதில் சொல்றது?"

செய்தி கேட்டு ஓடி வந்த தங்கை மூச்சு வாங்க நின்றாள். வழக்கம்போல நடுவில் புகுந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்ல வாயெடுத்தாள். இரண்டு பேரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு மும்முரமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

வெயில் சாய்ந்த நேரத்தில் தீவு முனையைச் சுற்றிக்கொண்டு சாம்பல் கப்பல் தெரிந்தது. பின்னால் நீண்ட வடத்தில், ஒரு பக்கம் சரிந்த பயணிப் படகு. மேல்தட்டில் தலைகள், தலைகள், தலைகள். முடிச்சு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். வடத்தை வாங்கிக் கட்ட ஆள் வேண்டுமே. பின்னாலேயே ஆமையும் எழுந்தார், திட்டுவதை நிறுத்தாமல்.