தாயி, சம்பந்தியப் போடு!

டெலிபோன் ஆபரேட்டர் வேலை என்பது, ஊரே நம் காதில் கத்த, நாம் யாரையும் திருப்பிக் கத்த முடியாத வேலை. நாற்காலியில் உட்கார்ந்து திட்டு வாங்கிய எல்லோருக்கும் இந்த வயிற்றெரிச்சல் புரியும். எண்பதுகளில் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சில் நான் தினக்கூலி. பக்கத்து நாற்காலி அந்தோணி அண்ணன் பர்மனென்ட். இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான். அவருக்கு மாசச் சம்பளம், எனக்கு வந்த நாளுக்குக் கூலி.

நம்பர் எதற்கு?

அப்போதெல்லாம் போனை எடுத்தால் நாங்கள்தான் பேசுவோம், கேட்ட ஆளுக்கு லைன் கொடுப்போம். பருத்திக் கடை முதலாளி ஒருநாளும் நம்பர் சொன்னதில்லை. "தாயி, சம்பந்தியப் போடு" என்பார். இருக்கிற சம்பந்திகளில் எவர் என்று நான்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒருநாள் எரிச்சலில், "நம்பரச் சொல்லுங்க" என்று கறாராகக் கேட்டுவிட்டேன். மனுசன் பதறிப்போனார்.

"ஏந்தாயி, ஒடம்புக்கு முடியலையா?"

டாக்டர் எங்கே?

ரெட்டியபட்டியிலிருந்து ஒரு அம்மா அழுதுகொண்டே பேசினார். மகளுக்குப் பிரசவ வலி. டாக்டர் வீட்டில் போனை யாரும் எடுக்கவில்லை. அவர் அந்நேரம் ரைஸ்மில்லில் சீட்டு ஆடுவார் என்பது எனக்குத் தெரியும். அங்கே போன் அடித்து அவரைக் கிளப்பினேன். அடுத்த வாரம் அந்த அம்மா மடி நிறைய வெள்ளரிக்காயோடு வந்தார்.

"டாக்டரு நல்லா இருக்கட்டும். அவுக இருக்க எடம் தெரிஞ்ச நீதான்டி எனக்குச் சாமி."

ஏசி ரூம்

தொண்ணூறுகளில், நம்பரைச் சுழற்றினால் தானே லைன் கொடுக்கிற ஆட்டோமேட்டிக் மிஷின் வந்து இறங்கியது. அதற்கு ஏசி ரூம். எங்களுக்கு ஒரு ஃபேன் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அண்ணனுக்கு மதுரைக்கு மாறுதல். எனக்கு, நாளையிலிருந்து வரவேண்டாம். என் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த மிஷினு வந்த அன்னைக்கே பர்மனென்ட் ஆயிருச்சு தங்கச்சி."

மறுபடியும் சம்பந்தி

முதலாளி போனை எடுத்துச் சம்பந்தியைக் கேட்டிருக்கிறார். 'ஙொய்ங்' என்ற சத்தம்தான் வந்திருக்கிறது. நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்து, "தாயி, தாயி" என்று வெகுநேரம் சமாதானம் பேசியிருக்கிறார் பாவம். விஷயம் தெரிந்ததும் ஆள்விட்டு என்னைக் கூப்பிட்டார். கடையில் அவருக்கு நம்பர் போட்டுக் கொடுக்கிற வேலை. நெஞ்சு குளிர்ந்துவிட்டது. கூலி எவ்வளவு என்றேன்.

"பழைய கூலில பாதி தாயி. மீதி வேலைய மிஷினு பாக்குதுல்ல?"

அன்றுமுதல் என் கூலியில் பாதியை அந்த மிஷினுக்கு விட்டுக்கொடுத்துத்தான் பிழைத்தேன், அது ஏசியில் சுகமாக இருந்தது.