திருப்பிக் கொடுக்க வேண்டிய சொல்

காவல் துறையில் சீருடை இல்லாதவர்களும் உண்டு. அவசர அழைப்பு எடுப்பவள் அவர்களில் ஒருத்தி. அலுவலகத்தில் அவளுக்கு 'ஹலோ அக்கா' என்று பெயர். தங்கை போன் செய்தால்கூட, "சொல்லுங்க, யாருக்காவது அடிபட்டிருக்கா?" என்றுதான் எடுப்பாள். "எனக்கு இல்லக்கா, உனக்குத்தான்" என்பாள் தங்கை.

போலீஸ் வண்டியோ ஆம்புலன்ஸோ போய்ச் சேரும்வரை அழைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஒருமுறை கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு ஒரு சிறுமி பேசினாள். அவள் அம்மா அடிபடும் சத்தம், போலீஸ் வந்து கதவை உடைக்கும்வரை கேட்டது. அழைப்பு முடிந்ததும் ஹலோ அக்கா அழுதுவிட்டாள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் 'முள்ளு' என்று பெயர் வாங்கிய மேற்பார்வையாளர், எல்லோர் முன்பும் சொன்னார்: "அழுறதுன்னா வீட்ல போய் அழும்மா. இங்க லைன் காத்துக்கிட்டு இருக்கு."

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. அந்தச் சொல் மட்டும் போகவில்லை. வேலையை விடுவதாக முடிவு செய்துவிட்டாள். ஆனால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் போக மனம் வரவில்லை. ஊறுகாய் போல உள்ளே ஊறவைத்திருந்தாள்.

ஊழியர்கள் ஒவ்வொருவராக நின்றுபோகவே, மேலிடம் ஒரு சமூகப் பணியாளரை அனுப்பியது. சின்னப் பெண். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். யாரும் சரியாக மூச்சு விடவில்லை. அதைவிட உருப்படியாக இரண்டு காரியம் செய்தாள். பழைய சாமான் அறையைக் காலி செய்து இரண்டு நாற்காலி போட்டாள். தாங்க முடியாத அழைப்பு முடிந்தால் எழுந்து அங்கே போகலாம். அந்த நேரத்தில் ஹெட்போனை மேற்பார்வையாளரே மாட்டிக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவு வாங்கினாள்.

"நானா?" என்றார் முள்ளு.

"லைன் காத்திருக்கக் கூடாதே சார்" என்றாள் அவள், சிரிக்காமல்.

ஹலோ அக்காவுக்கு அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. அன்றிலிருந்து, முன்பு பல்லைக் கடித்துத் தாங்கிய அழைப்புகளெல்லாம் அவளுக்குத் திடீரென்று தாங்க முடியாமல் போயின. எழுந்து போய் உட்கார்ந்து, கண்ணாடித் தடுப்பு வழியாக முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த அறையின் நிம்மதியே அதுதான்.

ஒரு மதியம் அவர் எடுத்த அழைப்பில் ஒரு கிழவர். குளியலறையில் விழுந்த மனைவி அசையவில்லை. வண்டி போய்க்கொண்டிருந்தது. "தம்பி, லைன்ல இருக்கியா? அவ கை சில்லுனு இருக்குப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முள்ளு "இருக்கேன் ஐயா, இருக்கேன்" என்றார். வண்டி சேரும்வரை ஒருதடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஹெட்போனைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் கொடுத்துவிட்டு அறைக்கு வந்தார். எதிர் நாற்காலியில் விழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஹலோ அக்கா எழுந்தாள்.

"அழுறதுன்னா வீட்ல போய் அழுங்க சார். இங்க லைன் காத்துக்கிட்டு இருக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். யாருடைய சொல் என்று புரிந்தது. எழுந்து வாசலை நோக்கித் திரும்பினார்.

"உட்காருங்க" என்றாள். "அது நீங்க எனக்குச் சொன்னது. இப்ப நான் சொல்றேன்: இங்கேயே அழுங்க. நான் பாக்கணும்."

அழுதார். ஒரு சொட்டு விடாமல் பார்த்தாள். பிறகு தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுத் தன் இருக்கைக்குப் போனாள்.

அன்று வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். "அதான் திருப்பிச் சொல்லியாச்சே, வேலையை எப்ப விடப் போற?" என்றான் கணவன்.

"இப்ப எதுக்கு?" என்றாள். "அவருக்கு ரெண்டாவது தடவையும் அழுகை வரும்ல?"