இரண்டு பேர் வேலை

இங்கிலாந்தில் லீவுக்கு டென்ட் அடித்துத் தங்கும் ரேவன்பெக் முகாமில் என்ன வசதி இருந்தது என்று கேட்டால் பதில் சொல்ல அதிக நேரம் ஆகாது. ஒரு குழாய், டாய்லெட் டப்பாவைக் கொட்டிக் கழுவ ஒரு குழி, ஒரு குப்பைத் தொட்டி. குளியலறை இல்லை, கரண்ட் இல்லை. மிச்சமெல்லாம் புல்லும் மழையும்தான். "இதுக்காகவா பிராட்ஃபோர்டுல இருந்து வருஷா வருஷம் ஓடுறே?" என்று என் மகள் கேட்பாள். ஆமாம், இதற்காகத்தான். காலமெல்லாம் பஸ் ஓட்டி, பெல் சத்தம் கேட்டே காது புளித்தவன் நான். பெல் அடிக்காத இடம் ஒன்று எனக்கு வேண்டாமா?

அங்கே முகாமைப் பார்த்துக்கொள்ளும் வார்டன் பெரில் ஹார்க்கர். பெரில் மட்டும் என்று சொல்லக் கூடாது, பெரிலும் அவள் கணவன் டெஸ்மண்டும். இந்த மாதிரி முகாம்களை நடத்தும் எங்கள் கிளப்பில் வார்டன் வேலைக்கு ஒற்றை ஆளை எடுக்க மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டியாகத்தான் எடுப்பார்கள். ஒருவர் விழுந்தால் மற்றவருக்கும் வேலை போய்விடும். மார்ச்சில் ஆரம்பித்து இலை உதிரும்வரை முகாமிலேயே கேரவன் என்ற வண்டிவீட்டைப் போட்டுக் குடியிருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு அடிவாரத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தன் கொட்டகைப் பக்கத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்.

இருவரும் கடலோரத்துப் பாரோ ஊர்க்காரர்கள். கப்பல் கட்டுகிற இடத்தில் அவன் ஃபிட்டர், அங்கேயே கேன்டீனில் அவள் சமையல். பிள்ளை குட்டி இல்லை. ஓய்வு வந்ததும் வீட்டை விற்றுவிட்டுக் கேரவன் வாங்கிக்கொண்டு வார்டன் வேலைக்கு வந்துவிட்டார்கள். முகாம் போடும் எங்கள் ஆட்களுக்கு மட்டுமே பிடிக்கும் கிறுக்கு இது. லீவுக்குப் போன இடம் மனதுக்குப் பிடித்துப்போனால் போதும், இருக்கிற வீட்டை விற்றுவிட்டு அங்கேயே காவலுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். திரும்பி வர ஒரு வாசல் வேண்டுமே என்று யாரும் யோசிப்பதில்லை. பெரிலும் யோசிக்கவில்லை.

வாய் என்றால் வாய் அவளுக்கு. நான் முதன்முதலாகப் போனபோது பள்ளத்தில் டென்ட் அடிக்கப் பார்த்தேன். நான் போட்டிருந்த பஸ் கம்பெனிக் கோட்டைப் பார்த்தபடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பஸ்காரரே, அது ஸ்டாப்பிங் இல்ல. மழை வந்தா நீங்க படுத்தபடியே ஆத்துக்குப் போய்ச் சேருவீங்க. டிக்கெட்டுகூட வேணாம்."

டெஸ்மண்ட், எங்களுக்கு டெஸ், அவளுக்கு நேர் எதிர். வாயில்லாப் பூச்சி. பேசாமல் முன்னால் நடந்து மேட்டைக் காட்டினான், ஆணி அடித்துக் கொடுத்தான், போய்விட்டான்.

பிறகு ஒரு வருஷம் போனபோது அவன் என்னிடம் பெயர் கேட்டான். மறுநாளும் கேட்டான். கெட்டிலை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போவான், கெட்டிலை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு வருவான். அடுத்த வருஷம் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தான்.  புல் வெட்டுவது, குழி கழுவுவது, வேலிக் கம்பி இழுத்துக் கட்டுவது, எல்லாம் பெரிலே செய்தாள். கிளப்புக்குத் தெரிந்தால் அன்றே பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஏன் முடியாது? பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அடுத்தவன் இலையைப் பார்க்காமல் சாப்பிட்டால் மறைத்துவிடலாம். அந்தப் புல்வெளிக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. டெஸ் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தால் "குட் மார்னிங் டெஸ், நல்லா காயுது பாத்தீங்களா" என்போம். மழை கொட்டினாலும் அப்படித்தான் சொல்வோம். அவன் சிரிப்பான். நாலு பக்கமும் கல் சுவர், ஒரே ஒரு வாசல். எங்கே சுற்றினாலும் பெரிலிடம்தான் வந்து சேர்வான். அதனால்தான் அந்த வண்டி ஓடியது.

அவர்கள் வயிற்றில்தான் கிளப் அடித்தது. ஆட்கள் அதிகம் வராத, அடிப்படை வசதி மட்டும் உள்ள முகாம்களை மூடப்போகிறோம் என்று கிளப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் போட்டார்கள். ரேவன்பெக்கும் அதில் இருந்தது. இந்தக் காலத்து உறுப்பினர்களுக்கு வெந்நீர் வேண்டுமாம், வைஃபை வேண்டுமாம். காட்டில் வந்து படுப்பவனுக்கு வீட்டில் இருப்பதெல்லாம் வேண்டுமென்றால் வீட்டிலேயே படுத்துத் தொலைக்க வேண்டியதுதானே. எனக்கு வந்த ஆத்திரத்தில் பத்திரிகையை அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் ஜூலியன் என்று ஒரு அதிகாரி வந்தான். இளவயது, நல்ல பையன்தான், அது வேறு விஷயம். மூடுகிற முகாம்களின் வார்டன்களில் தெம்பாக இருப்பவர்களைப் பெரிய முகாம்களில் போடுவார்கள். அந்தத் தெம்பைப் பார்க்கத்தான் வந்திருந்தான். நான் அப்போது அவர்கள் கேரவன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பெரில் பையனுக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். பையன் டெஸ்ஸிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டால் கதை முடிந்தது.

"மிஸ்டர் ஹார்க்கர், எனக்கு இடத்தைச் சுத்திக் காட்டுறீங்களா?" என்றான்.

டெஸ் எழுந்து முன்னால் நடந்தான். ஒவ்வொரு மேடாக நின்று கையைக் காட்டினான். குழாயைத் திறந்து மூடினான். வாசல் கதவைத் தூக்கிச் சாத்தினான். கால் பழகிய இடம், காலே எல்லாம் செய்தது. திரும்பி வந்ததும் ஜூலியன் கேட்டான்:

"லிங்கன்ஷயர்ல கடலோரமா ஒரு இடம் காலியாகுது. கடல் பிடிக்குமா உங்களுக்கு?"

"பாரோக்காரன்கிட்ட கேக்குற கேள்வியாப்பா இது?" என்றான் டெஸ்.

ஜூலியன் வாய்விட்டுச் சிரித்தான். பெரிலின் பக்கம் திரும்பி, "ஆனா ஒண்ணும்மா, அது பெரிய இடம். குளியலறை, கடை, நீச்சல் குளம்னு எல்லாம் இருக்கு. நெஜமாவே ரெண்டு பேர் வேலை" என்றான்.

"ரெண்டு பேர் இருக்கமே" என்றாள் பெரில்.

கார் வாசலைத் தாண்டியதும் டெஸ் கேட்டான்: "யாரு அந்தத் தம்பி? டென்ட் எங்க போட்டிருக்கான்?"

பெரில் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானை மாதிரி ஏப்ரனை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அங்க எப்படிம்மா சமாளிப்பீங்க?"

"வேற எங்க போகச் சொல்றீங்க பஸ்காரரே? பண்ணைக்காரர் செத்துட்டாரு. அவர் மகன் கொட்டகைப் பக்கம் வராதேன்னுட்டான். வீடு இல்ல. கவுன்சில்ல போய் வீடு கேட்டு நின்னா அவன ஒரு எடத்துல போடுவாங்க, என்னைய ஒரு எடத்துல போடுவாங்க. நான் பக்கத்துல இல்லன்னா அவன் சோறு திங்க மாட்டான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணா இருந்தா போதும். எங்கன்னாலும் சரி."



அடுத்த ஜூனில் அவர்களைப் பார்க்கவென்றே லிங்கன்ஷயர் போனேன். வாசலில் தானாக உயரும் தடுப்புக் கட்டை. உள்ளே வரிசை வரிசையாக வெள்ளைக் கேரவன்கள், எண் மட்டும்தான் வித்தியாசம். குழந்தைகள் சத்தம், பாட்டுச் சத்தம். பெரில் ஒரு கையில் வாளியும் இடுப்பில் வாக்கிடாக்கியுமாகக் குளியலறைப் பக்கமிருந்து வந்தாள். பாதியாகியிருந்தாள்.

"டெஸ் எங்கே?"

"உள்ள இருக்கான்."

அவள் கழுத்தில் நாடாவில் ஒரு சாவி தொங்கியது. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள்.

"திட்டாதீங்க. வந்த முதல் வாரத்துல அடுத்தவங்க கேரவனுக்குள்ள போய்க் கட்டில்ல படுத்துட்டான். அந்தப் பொண்ணு கத்துன கத்துல முகாமே கூடிடுச்சு. 'மன்னிச்சிடுங்க, குடிச்சிட்டாரு'ன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். கல்யாணத்தன்னிக்குக்கூட ஒரு சொட்டு தொடாத மனுஷன். அவனக் குடிகாரனாக்கிட்டேன்." வாளியைக் கீழே வைத்தாள். "அவன் வேலையையும் நான்தான் பாக்கணும். கூடவே கூட்டிட்டுப் போனா தெரிஞ்சுடும். நான் என்ன செய்ய? பூட்டிட்டுப் போறேன். மத்தியானம் ஓடிவந்து ஊட்டிட்டு மறுபடியும் பூட்டுறேன்."

அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேரவன் ஜன்னல் சற்றே திறந்திருந்தது. உள்ளே டெஸ் சட்டைப் பித்தானெல்லாம் ஒழுங்காகப் போட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"சார், ஒரு உதவி. கதவு மாட்டிக்கிச்சு. ரொம்ப நேரமா தட்டுறேன். வார்டனம்மா எங்கயாவது கண்ணுல பட்டா சொல்றீங்களா? நல்ல பொம்பள. சொன்னா உடனே வந்துடுவாங்க."

பெரில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளையும்தான் அவன் பார்த்தான். வாக்கிடாக்கி கரகரத்தது. பெண்கள் குளியலறையில் தண்ணீர் அடைத்துக்கொண்டதாம், டெஸ்மண்டை அனுப்பச் சொன்னார்கள். அவள் அதை இடுப்பிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"வந்துட்டேன் சார். தப்பா நெனைக்காதீங்க, பூட்டு சரியில்ல."

"பரவால்லம்மா," என்றான் டெஸ். "என் வீட்டுக்காரி தேடுவா. அதுக்குத்தான் தட்டுனேன்."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றுவழி இருந்தும் நீச்சல் குளத்து ஓரமாக, எல்லாரும் பார்க்க, நேராக ஆபீசுக்கு நடத்திக்கொண்டு போனாள். நான் பின்னால் போனேன். அங்கே மேசைக்குப் பின்னால் இருந்தவரிடம், "இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ரொம்ப நாளா தெரியாது. குடிக்கலீங்க, அது பொய். வேலை பாக்குறது நான் ஒருத்திதான்" என்றாள்.  அவர் எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், ரொம்ப வருந்தினார். ஆனால் கிளப் விதி விதிதான் என்றார். மாதக் கடைசியில் கேரவனை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அவள் பயந்தபடியேதான் நடந்தது. டெஸ் லிங்கன் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறான். கேரவனை விற்றாகிவிட்டது. அவளுக்குக் கவுன்சில் ஊரின் மறுகோடியில் ஒற்றை அறை கொடுத்திருக்கிறது. தினமும் பஸ் பிடித்துப் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருகிறாள். அவள் கையால் தின்கிறான், அதுவரைக்கும் பரவாயில்லை. தின்றுவிட்டு, என் பெரில் எங்கே, எப்போ வருவாள் என்று அவளிடமே விசாரிக்கிறானாம்.

"நான்தான்னு சொல்லிப் பாக்கலாமே," என்றேன் போனில்.

"சொன்னேன் பஸ்காரரே. ஒரு தடவ சொன்னேன். என் முகத்தையே பாத்துட்டு இருந்துட்டு அழுதுட்டான். என் பெரில் இவ்வளவு கிழவி இல்லம்மா, அவளுக்கு என்ன ஆச்சு, மறைக்காம சொல்லுங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். பெரில் செத்துட்டாள்னு நெனைச்சுட்டான் போல. அவன சமாதானப்படுத்தறதுக்குள்ள பொழுது போயிடுச்சு."

அதிலிருந்து அவள் வார்டனாகவே போய் வருகிறாள்.