படகை எரிக்கச் சொன்ன சார்

இன்னைக்கு மக ஸ்கூல்ல பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு. பெத்தவங்களும் வரணும்னாங்க, போனேன்.

மதுரையில இருந்து வந்த சார் மைக்கைப் பிடிச்சுக் கத்துதாரு: "ஜெயிக்கணுமா? திரும்பிப் போற படகை எரிச்சிருங்க!"

பாதிப் பிள்ளைக மீன்பிடிக்கிற வீடு. ஒருத்தி எந்திரிச்சா. "வள்ளத்தை எரிச்சா எங்கப்பா எதுல சார் கரைக்கு வருவாவ?"

"இதுதான் நெகட்டிவ் திங்கிங்! இவளை மாதிரி யோசிக்காதீங்க"ன்னு சொல்லி எல்லாரையும் கைதட்ட வச்சாரு. பிள்ளை முகம் செத்துப்போச்சு.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! எங்க தூத்துக்குடியில கடலுக்குப் போனவுக திரும்பி வாரதுக்குப் பேருதான்யா ஜெயிக்கிறது.

பேசி முடிச்ச கையோட அதே சார், "மதுரைக்குத் திரும்பணும், என் காரு எங்க நிக்குது?"ன்னு மூணு தடவை கேட்டாரு.

எரிச்சிட்டோம்னு சொல்லியிருக்கணுமோ?